முதல் பதிலை நம்பாதே

கிட்டே வாருங்கள், என் செல்லங்களே. அந்தக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், ஆற்றின் ஈரக்காற்று எலும்பு வரைக்கும் வருகிறது. காபி அடுப்பில் இருக்கிறது. இன்று உங்களுக்கு ஒரு கொக்கின் கதை வைத்திருக்கிறேன். மீன் பிடிக்கிற கொக்கு இல்லை. முகத்தைக் காட்டாமல் எங்கள் ஊர்த் தண்ணீர்க் குழாய்க்குள் மூக்கை நுழைத்த கொக்கு. கதை முடிகிற வரைக்கும் இதில் வருகிற யாரையும் நம்பிவிடாதீர்கள்.

எங்கள் தெரு முனையில் துன்யா இருக்கிறாள். நாற்பதைத் தாண்டியவள். பேசும்போது கண்ணாடியைக் கழற்றுவாள், மாட்டுவாள், மறுபடி கழற்றுவாள். பகலில் சர்க்கரை ஆலையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் மோஸ்ட். மோஸ்ட் என்றால் எங்கள் மொழியில் பாலம். ஒரு கம்பெனி செய்த பம்ப் ஒரு பாஷை பேசும், இன்னொரு கம்பெனி செய்த வால்வு வேறொரு பாஷை பேசும், கம்ப்யூட்டருக்கு இரண்டும் விளங்காது. நடுவில் நின்று இங்கே கேட்டு அங்கே சொல்கிற நிரல்களின் மூட்டைதான் மோஸ்ட். ஒவ்வொரு கருவிக்கும் அதன் பாஷை தெரிந்த ஒரு நிரல் உண்டு, அதை டிரைவர் என்பார்கள். இதெல்லாம் விற்பனைக்கு இல்லை. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். ஆனால் அனுப்பியதை உள்ளே சேர்ப்பது துன்யாவின் விரல். அவள் ‘சேர்’ என்று அழுத்திவிட்டால் அந்த வரிகள் எங்கெங்கோ இருக்கும் ஆலைகளுக்குப் போய்விடும். எங்கள் ஊர்த் தண்ணீர் நிலையத்துக்கும் போய்விடும்.

அந்த நிலையத்தில்தான் வினை. போன ஜூலையில், தார் உருகுகிற வெயிலில், ஒரு காலை நேரம் தண்ணீர்க் கோபுரம் காலியாகிவிட்டது. பாதி ஊருக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தீயணைப்பு வண்டியில் கொண்டுபோனார்கள். பம்ப்புகளையும் வால்வுகளையும் ஆட்டுவிக்கிற டிரைவர் உறைந்துபோய்விட்டது, அதனால் கழிவு வால்வு மூடாமல் கோபுரத்துத் தண்ணீரெல்லாம் கால்வாய்க்குப் போனது என்று நிலையத்தில் சொன்னார்கள். டிரைவர் மோஸ்ட்டினுடையது. மோஸ்ட் துன்யாவினுடையது. பேக்கரியில் ரொட்டி கொடுக்கிற பெண் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

“என்ன துன்யா, உன் கம்ப்யூட்டருக்கு ரொம்பத் தாகமோ? ஊர்த் தண்ணிய மொத்தமா குடிச்சிருச்சு?”

அன்றிலிருந்து துன்யா அந்த டிரைவரைத் தோண்டித் தோண்டிப் பார்த்தாள். எங்கே உறைகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பனி விழுவதற்குள் சரிசெய்யாவிட்டால் மோஸ்ட்டை மொத்தமாகக் கழற்றிவிடுவேன் என்று நிலையத்தின் டைரக்டர் சொல்லிவிட்டார்.

அந்த டிரைவரை எழுதியவன் கோய்கோ. துன்யாவும் கோய்கோவும் சேர்ந்துதான் மோஸ்ட்டை ஆரம்பித்தார்கள். பிறகு எதை எப்படி எழுதுவது என்பதில் முட்டிக்கொண்டார்கள். “இனிமே உன் நிரல எதிராளியோட நிரல் மாதிரிதான் படிப்பேன்,” என்று துன்யா பத்துப் பேர் கேட்கச் சொன்னாள். கோய்கோ எழுந்து போனவன் மோஸ்ட் பக்கம் திரும்பவில்லை. நோவி சாத் நகரத்துக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான், வேலை இங்கே தன் வீட்டிலிருந்தபடியே. அந்தக் கம்பெனி விற்பதும் இதே வேலை செய்கிற நிரல்தான், ஆனால் பூட்டி விற்பது. இவன் விட்டுப்போன டிரைவரோ ஒரே பெரிய முடிச்சு. ஒரு நூலை இழுத்தால் எது அறுந்துபோகுமோ என்று யாரும் தொடவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கொக்கு வந்தது.

பெயர் கார்சா. போர்ச்சுகலில் இருக்கிறேன் என்று எழுதியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக்காலில் நிற்கிற ஒரு கொக்கின் படம். முன்பின் வேறெங்கும் வேலை செய்த தடம் இல்லை. முதலில் சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பியது. பிறகு சோதனைகள் எழுதியது. துன்யா கடிந்துகொண்டால் கோபிக்காது. “நீங்கள் சொல்வது சரி, மாற்றிவிட்டேன்” என்று மறுநாளே பதில் வரும். பிறகு ஒருநாள், யாரும் தொடாத அந்த முடிச்சைத் தானே அவிழ்த்து அடுக்கித் தருகிறேன் என்றது. டிரைவர் செய்கிற வேலை மாறாது, உள்ளே இருக்கிற ஒழுங்கு மட்டும் மாறும் என்றது. சொன்னபடி அனுப்பியும் வைத்தது.

துன்யா அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து சொன்னாள்.

“அழகா இருக்கு அக்கா. அதான் பயமா இருக்கு.”

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. சம்பளம் இல்லாமல் இப்படி ஒரு சுமையைத் தூக்கிக் களைத்துப்போனவர்களிடம் இனிக்க இனிக்கப் பேசி, கூடமாட உதவிசெய்து, கடைசியில் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு போனவர்களின் பேச்சு அவள் காதுக்கும் வந்திருந்தது. ஒரே ஒரு கெட்ட வரி போதும். யாரோ எங்கிருந்தோ எங்கள் வால்வைத் திறக்கலாம்.

ஒக்னியெனும் அதையேதான் சொன்னான். ஒக்னியென் தண்ணீர் நிலையத்தில் பொறுப்பாளன். துன்யாவுக்குக் கூம். அவள் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன், எங்களுக்குள் அந்த உறவு ரத்தத்துக்கும் ஒரு படி மேலே. அவன் அவளைக் கூமா என்பான், அவள் அவனைக் கூமே என்பாள். ஊரில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டால் அதற்குப் பக்கத்தில் அவன் வயிறு இருக்கும்.

“கொக்கு எதுக்குக் கூமா அசையாம நிக்குது?” என்று துன்யா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கேட்டான். “தவம் பண்ணவா? மீனப் பாத்துக்கிட்டு நிக்குது. இங்க மீனு நாமதான்.”

“படிச்சுப் பாத்துட்டேன் கூமே. ஒரே ஒரு எடம்தான் இடிக்குது.”

“எது?”

“உங்க பம்ப்பு இருக்குல்ல, அதத் தட்டிவிட்டதும் கேட்டா, அது முதல்ல பழைய பதிலத்தான் சொல்லும். ரெண்டாவது தடவ கேட்டாத்தான் உண்மைய சொல்லும். கோய்கோ அப்பவே அதுக்கு ஒரு வரி வச்சிருந்தான், முதல் பதிலத் தூக்கிப் போடுன்னு. கொக்கு அத எடுத்து வால்வுக்கும் போட்டிருக்கு. கழிவு வால்வுக்கு இன்னும் ஒரு படி மேல, ரெண்டு தடவ கேட்டு ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் அசைக்கணும்னு வச்சிருக்கு. வேற எந்த வால்வுக்கும் இல்ல, அதுக்கு மட்டும்.”

ஒக்னியெனின் கோப்பை தட்டில் இடித்து, காபி மேஜைத்துணியில் சிந்தியது.

“அட, என் கை! துணிய எடு, துணிய எடு.”

“அது கெடக்கட்டும். வால்வும் அப்படிப் பழைய பதில் சொல்லுமா? நீதான பக்கத்துல நிக்கிற, சொல்லு.”

“வால்வா?” அவன் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். “சேச்சே. வால்வு ஒழுங்காத்தான் சொல்லும். நான் பாக்காததா?”

“அப்ப இல்லாத நோய்க்கு எதுக்கு மருந்து?”

“அதான் சொல்றேனே. ஊர்ல இருக்கிற அத்தன வால்வையும் விட்டுட்டு அதத்தான் தொட்டிருக்குன்னா, அங்கதான் ஏதோ பண்ணப்போவுது. சேக்காத கூமா. தலைமுழுகிட்டு வேற ஆளப் பாரு.”

துன்யா கொக்கிடமே கேட்டாள். ஏன் கழிவு வால்வு மட்டும்? மற்ற கேள்விகளுக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிற கொக்கு இதற்கு ஒரே வரியில் பதில் சொன்னது. “ஜாக்கிரதையாக இருப்பது நல்லது.”

அந்த வரியைத் துன்யா இரண்டு தடவை படித்தாள். அந்த நிலையத்தைப் பார்த்தே இராத ஒருவன், கோபுரத்தைக் காலிசெய்த அதே வால்வைச் சுற்றி ஏன் நடக்கிறான்? முகத்தைப் பார்த்துப் பேசினால்தான் ஆகும் என்று நினைத்தாள். நவம்பர் பதினாறாம் தேதி கேமராவில் பேசலாமா என்று எழுதினாள். பதில் உடனே வந்தது.

“அன்று முடியாது. வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்கள். எத்தனை பேர் என்று தெரியாது.”

அவள் மறுநாள் தேதி கொடுக்கத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். பாதியில் விரல் நின்றது. மறுபடி படித்தாள். பிறகு காலண்டரைப் பார்த்தாள். பிறகு ஒக்னியெனுக்குப் போன் போட்டாள்.

“கூமே, கொக்கு போர்ச்சுகல் இல்ல. நம்ம ஆளு.”

“என்னது?”

“விருந்தாளி எத்தன பேருன்னு தெரியாதாம். உலகத்துல எவனுக்குத் தன் வீட்டு விருந்தாளி எத்தன பேருன்னு தெரியாது? கூப்பிட்டவனுக்குத் தெரியும்ல? கூப்பிடாம வந்தாத்தான் தெரியாது. பதினாறாம் தேதி என்ன நாளு? ஜுர்ஜிட்ஸ்.”

ஜுர்ஜிட்ஸ் என்பது புனித ஜார்ஜின் இலையுதிர்கால நாள். எங்கள் குடும்பங்களுக்கு ஒவ்வொரு காவல் புனிதர் உண்டு, அவருடைய நாளை ஸ்லாவா என்போம். அன்று அந்த வீடு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் தாங்களாக வருவார்கள். வந்தவர் பகையாளியே ஆனாலும் வாசலில் நிறுத்தக் கூடாது.

“ஜுர்ஜிட்ஸ் கும்புடுற வீடு இந்த நாட்டுல ஆயிரம் இருக்கே,” என்றான் ஒக்னியென். அவன் குரலில் சிரிப்பு இல்லை.

“ஆயிரத்துல நம்ம நிலையத்து வால்வத் தெரிஞ்ச வீடு எத்தன? நான் எத்தன வருஷம் அந்த வீட்டுல போய்ச் சாப்பிட்டிருக்கேன். கோய்கோ.”

துன்யா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“இருக்கியா கூமே?”

“இருக்கேன், இருக்கேன்.”

“இப்ப எல்லாம் பொருந்துது பாரு. அவன் கம்பெனிக்கு நம்ம நிலையம் வேணும். மோஸ்ட் இன்னொரு தடவ தண்ணியக் கொட்டினா டைரக்டர் நேரா அவனுங்க கதவத்தான் தட்டுவாரு. எழுதுனது எவன்னு யாருக்கும் தெரியாது, ஏதோ ஒரு போர்ச்சுகல் கொக்கு. ஆனா சேத்தது நான்.” கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைக்கிற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். “நான் போறேன், பதினாறாம் தேதி. அவன் வீட்டுக்கே போறேன். கதவச் சாத்த முடியாதுல்ல?”

“தனியா போகாத,” என்றான் ஒக்னியென் அவசரமாக. “நானும் வரேன்.”

துன்யாவுக்கு அது கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது. ஒக்னியென் சொந்தத் தம்பி வீட்டு ஸ்லாவாவுக்கே சாக்குச் சொல்கிறவன்.

பதினாறாம் தேதி நடுப்பகலில் இருவரும் போனார்கள். துன்யா கையில் ஒரு பை, பைக்குள் காபிப் பொட்டலமும் மடிக்கணினியும். ஒக்னியென் கையில் ஒயின். வாசலில் செருப்புகளும் பூட்ஸுகளும் குவிந்து கிடந்தன. கதவைத் திறந்தவன் கோய்கோ. வெள்ளைச் சட்டை, சீவிய தலை, கையில் பாட்டில். துன்யாவைப் பார்த்ததும் பாட்டிலைப் பிடித்த கை கொஞ்சம் தாழ்ந்தது. அவ்வளவுதான்.

“நல்ல ஸ்லாவாவா இருக்கட்டும், வீட்டுக்காரரே,” என்றாள் துன்யா, முறைப்படி.

“வந்ததுக்குச் சந்தோஷம். உள்ள வாங்க,” என்றான் அவனும் முறைப்படி. பிறகு தாழ்ந்த குரலில், “பையில என்ன, செங்கலா?”

“உன் பாவமூட்ட.”

கோய்கோவின் மனைவி நெவேனா கோதுமைக் கிண்ணத்தை நீட்டினாள். வேகவைத்து அரைத்து அக்ரூட்டும் சர்க்கரையும் சேர்த்தது, இறந்தவர்களுக்கும் இருக்கிறவர்களுக்குமாகச் செய்வது. துன்யா சிலுவைக்குறி போட்டு ஒரு கரண்டி வாயில் போட்டாள். கரண்டியைத் தண்ணீர்த் தம்ளரில் போட்டாள். அதில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து கரண்டிகள் கிடந்தன. மேஜை நடுவில் உயரமான மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அது எரிகிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் வேலை செய்வதில்லை, வீட்டுக்காரன் உட்காருவதில்லை. வந்தவர்களுக்கு ஊற்றிக்கொண்டும் பரிமாறிக்கொண்டும் நின்றபடியே இருப்பான். அதன் முன்னால் பொய் சொல்வதும் இல்லை.

துன்யா கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சியை இரண்டு வாய் சாப்பிட்டாள். கோய்கோ அவள் கோப்பையில் ஊற்றக் குனிந்தபோது மெதுவாகக் கேட்டாள்.

“கொக்கு சௌக்கியமா?”

பாட்டிலின் வாய் கோப்பையின் விளிம்பில் கிணுங்கென்றது. பக்கத்தில் ஒரு பெரியப்பா பன்றி வளர்ப்பைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்ததால் வேறு யாரும் கவனிக்கவில்லை.

“சௌக்கியம்தான்,” என்றான் கோய்கோ. “நாள் பூரா நிக்குது. கால்தான் வலிக்குது.”

ஒக்னியென் சிரிக்கவில்லை. தட்டில் இருந்த ஒரு மிளகாயை முள்கரண்டியால் இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தான்.

சமையலறையில் ஆள் குறைந்த நேரம் பார்த்து மூவரும் அங்கே போனார்கள். துன்யா கேக்குத் தட்டை நகர்த்திவிட்டுக் கணினியை வைத்தாள்.

“இன்னிக்கு இங்க வேல கூடாது,” என்றான் கோய்கோ.

“படிக்கிறது வேலயில்ல. பாதிரியாரும்தான் காலையில வந்து படிச்சிட்டுப் போயிருப்பாரு. நான் வரிவரியா வாசிப்பேன், நீ ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்லு. மெழுகுவத்தி அந்த ரூம்ல எரியுது, ஞாபகம் இருக்கட்டும்.”

வாசித்தாள். அவன் நின்றபடி சொன்னான். இது ஏன் இங்கே வந்தது, அது ஏன் இரண்டானது, எதை எங்கிருந்து பிரித்தேன் என்று. நடுநடுவே வாசலில் குரல் கேட்டால் ஓடிப்போய் விருந்தாளியைக் கூட்டி உட்காரவைத்துவிட்டு, ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தான். துன்யா எதையும் விடவில்லை. அவன் சொன்னதை உடனே ஒப்புக்கொள்ளாமல் பழைய டிரைவரில் தேடி ஒப்பிட்டாள். இரண்டு இடங்களில் அவன் தவறைப் பிடித்தாள். அவன் தலையைச் சொறிந்தான். அந்தத் தவறுகள் வெறும் தவறுகள்தான், பொறிகள் இல்லை. ஆனாலும் அவள் முகம் தளரவில்லை. நல்ல பொறியைச் சுற்றி நல்ல வேலிதான் இருக்கும்.

கடைசியில் அங்கே வந்து சேர்ந்தாள்.

“இந்தா. கழிவு வால்வு. ரெண்டு தடவ கேளு, ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் அசை. எதுக்கு?”

கோய்கோ கையைத் துண்டால் துடைத்தான்.

“எதுக்குன்னு கேட்டேன்.”

“அது இருக்கட்டும். இருந்தா நல்லது.”

“கொக்கு பதிலு வேணாம், கோய்கோ பதிலச் சொல்லு.”

“சொல்ல முடியாது.”

“முடியாதா, மாட்டியா?”

“பொய் சொல்ல மாட்டேன். உண்மையச் சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“யாருக்கு, உன் கம்பெனிக்கா?”

அவன் கேக்குத் தட்டை நேராக்கி வைத்தான். நெவேனா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, முகங்களைப் பார்த்து, கேக் எடுக்காமலே போய்விட்டாள்.

துன்யா கணினியின் மூடியைச் சாத்தினாள். “காரணம் தெரியாத வரிய நான் சேக்க மாட்டேன். மொத்தத்தையும் தள்ளிடறேன். டைரக்டர் மோஸ்ட்டக் கழட்டட்டும். உன் ஆளுங்களுக்குக் கதவு தெறந்தாச்சு, சந்தோஷமா இரு.” எழுந்தாள். “கோதுமைக்கு நன்றி.”

“துன்யா, தள்ளிவிடாத,” என்றான் கோய்கோ. அவன் குரல் கெஞ்சியது. “நான் வேணாம்னா என் பேர அடிச்சிடு. அந்த வரிய மட்டும் விட்டுறாத. திரும்பவும் நடக்கும்.”

“என்ன திரும்பவும் நடக்கும்?”

அவன் சுவரைப் பார்த்தான்.

“கூமா,” என்றான் ஒக்னியென்.

அவன் வாசல்நிலையில் சாய்ந்து நின்றிருந்தான். அவனுக்கும் மேஜைக்கும் நடுவில் அந்த அறையின் மெழுகுவர்த்தி வெளிச்சம் கொஞ்சம் தெரிந்தது.

“உக்காரு கூமா. அவன் வாக்குக் கொடுத்தது எனக்கு.”

துன்யா உட்காரவில்லை.

“ஜூலையில டிரைவர் உறையவே இல்ல,” என்றான் ஒக்னியென். “குழாயக் கழுவி விடக் கழிவு வால்வத் தெறந்தேன், தண்ணி ஓடுற சத்தம் கேட்டதால அப்ப திரையப் பாக்கல. முடிஞ்சதும் மூடப் பொத்தான அமுக்கினேன். தெறக்கவும் மூடவும் ஒரே பொத்தான்தான், உனக்கே தெரியும். வால்வு மூடிருச்சு, ஆனா திரையில ‘தெறந்திருக்கு’ன்னே காட்டிச்சு. சரியா அமுக்கல போலன்னு இன்னொரு தடவ அமுக்கினேன். அது மறுபடி தெறந்துகிச்சு. திரையில அப்பத்தான் ‘மூடியாச்சு’ன்னு வந்துச்சு.”

“பழைய பதிலு,” என்றாள் துன்யா.

“பழைய பதிலு. ஒண்ணு பின்னாடியே வந்துக்கிட்டிருந்திருக்கு. எனக்கு எங்க தெரியும்? மூடியாச்சுன்னு பாத்துட்டு, நான்...” அவன் காதைச் சொறிந்தான். “நான் எதுத்தாப்புல கடையில காபி குடிக்கப் போயிட்டேன். நிலையத்த விட்டு நகரக் கூடாது. போயிட்டேன். அங்க சதுரங்கம் ஆடிக்கிட்டிருந்தாங்க. திரும்பி வந்தா கோபுரம் காலி, போனெல்லாம் அலறுது. கையும் ஓடல காலும் ஓடல. இதை எழுதுனவன்னு கோய்கோவக் கூப்பிட்டேன். சைக்கிள்ல வந்து சக்கரத்தத் திருப்பிக் கையால மூடினான். யாருகிட்டயும் சொல்லிறாதன்னு கால்ல விழாத குறையா கேட்டேன். டிரைவர் உறைஞ்சிருச்சுன்னு சொன்னது நான்.”

சமையலறைக் குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. மூவரும் அதையே பார்த்தார்கள்.

“நான் கேட்டப்ப, வால்வு ஒழுங்காத்தான் சொல்லும்னு சொன்ன,” என்றாள் துன்யா.

“சொன்னேன். கொக்கு யாருன்னு எனக்கும் தெரியாது கூமா, சத்தியமா. எவனோ என் வால்வப் பத்தித் தெரிஞ்சு வந்திருக்கான், என்ன மாட்டிவிடப் போறான்னு நெனச்சேன். நீ ஜுர்ஜிட்ஸ்னு சொன்ன பிறகுதான் விளங்குச்சு.”

“பேக்கரியில தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு ரொட்டி வாங்கினேன் கூமே. கோடை முழுக்க. இலையுதிர்காலம் முழுக்க.”

“தெரியும். உனக்குப் பின்னாடி வரிசையில நான்தான் நின்னேன்.”

துன்யா கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மாட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு கோய்கோவைப் பார்த்தாள்.

“நீ நேரா உன் பேர்லயே அனுப்பியிருக்கலாமே.”

“அனுப்பினா ஏன்னு கேப்ப. அதச் சொன்னா வாக்குப் போச்சு. சும்மா அந்த வால்வ மட்டும் திருத்தினாலும் ஏன்னு கேப்ப. அதனால மொத்த முடிச்சையும் அவுத்து அதுக்குள்ள இத வச்சேன், கண்ணுல படாதுன்னு.” அவன் வறட்சியாகச் சிரித்தான். “அதயும் தோண்டி எடுத்துட்ட. அந்தப் பழைய பதில வால்வுக்கும் தள்ளாம விட்டது என் தப்பு. நான் அப்ப பம்ப்ப மட்டும்தான் பாத்தேன். என் டிரைவர் பொய் சொல்லித்தான் இவன் ரெண்டு தடவ அமுக்கினான்.”

“அமுக்கிட்டுப் போய்ச் சதுரங்கம் ஆடினது உன் டிரைவர் இல்லயே,” என்றாள் துன்யா.

“ஆடல, பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்,” என்றான் ஒக்னியென். அந்த நேரத்திலும் அவனுக்கு அது முக்கியமாக இருந்தது.

துன்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு வந்த சிரிப்பு, கண்ணில் நீரும் சேர்ந்து வந்தது. கணினியைத் திறந்து ‘சேர்’ பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனாள். கோய்கோ மூடியைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னிக்கு இந்த வீட்டுல வேல கெடையாது. படிச்ச வரைக்கும் போதும். போய்ச் சாப்பிடு, பன்னிக்கறி ஆறுது.”

அவளும் யோசித்தாள். இன்னொரு முதல் பதிலை அவள் நம்பப்போவதில்லை. இன்றைக்குக் கேட்ட கதையும் ஒரு முதல் பதில்தான்.

மறுநாள் அவள் தண்ணீர் நிலையத்துக்குப் போனாள். பழைய டிரைவரை ஓடவிட்டு, ஒக்னியெனைப் பொத்தானை அமுக்கச் சொல்லி, தானே வால்வின் பக்கத்தில் போய் நின்று கண்ணால் பார்த்தாள். வால்வு மூடியது, திரை திறந்திருக்கிறது என்றது. மறுபடி அமுக்கினான். வால்வு திறந்தது, திரை மூடியிருக்கிறது என்றது. பிறகு கொக்கின் டிரைவரைப் போட்டாள். அமுக்கினான். திரை ஒரு மூச்சு நேரம் பேசாமல் இருந்தது. பிறகு உண்மையைச் சொன்னது. அவள் அதை மறுபடியும் மறுபடியும் செய்துபார்த்தாள், ஒக்னியெனின் விரல் வலிக்கும்வரை. வேண்டுமென்றேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகும் அவள் உடனே சேர்க்கவில்லை. கோய்கோவுக்கு எழுதினாள், அந்த வரியின் தலைமேல் காரணம் எழுதப்பட வேண்டும், பெயர் வேண்டாம், நடந்தது மட்டும் வேண்டும், நாளைக்கு வேறொருவர் இதைத் திறந்து பார்த்தால் இது எதற்கென்று சந்தேகப்படக் கூடாது என்று. அவன் எழுதி அனுப்பினான். “இந்த வால்வு முதலில் பழைய பதிலைச் சொல்லும். ஒரு கோடையில் அதை நம்பியதால் ஒரு ஊர் தாகத்தில் தவித்தது. முதல் பதிலை நம்பாதே.” அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் அழுத்தினாள்.

டைரக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னது ஒக்னியெனேதான். யாரும் அவனை வற்புறுத்தவில்லை. திரை பார்க்கிற வேலையிலிருந்து அவனை எடுத்து, வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். இப்போது எல்லா வீட்டுக் காபியையும் தைரியமாகக் குடிக்கிறான். மோஸ்ட்டைக் கழற்றவில்லை. பேக்கரிப் பெண் துன்யாவிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் ரொட்டியில் நல்லதாகப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறாளாம்.

கோய்கோ கொக்காகவே இருக்கிறான். பெயரை மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்குத் துன்யா, “எந்தப் பேர்ல வந்தாலும் எதிராளி நிரல் மாதிரிதான் படிப்பேன்,” என்று எழுதினாள். அவன், “அப்படிப் படி” என்று பதில் போட்டான். அவள் அதைச் சொல்லும்போது கண்ணாடியைக் கழற்றவே இல்லை, நான் கவனித்தேன்.

அவ்வளவுதான், என் செல்லங்களே. காபி ஆறிப்போனது, குடியுங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் என்றைக்கும் தண்ணீர் ஓடட்டும். நீங்கள் மூடியதெல்லாம் மூடியபடியும் திறந்ததெல்லாம் திறந்தபடியும் இருக்கட்டும். எத்தனை பேர் வருவார்களென்று தெரியாத நாளிலும் உங்கள் பாத்திரத்தில் சாப்பாடு குறையாமல் இருக்கட்டும். கோபித்துக்கொண்டு போனவர்கள் எந்தப் பெயரிலாவது உங்கள் வாசலுக்குத் திரும்பி வரட்டும்.